ஒப்பந்தமும் உடன்படிக்கையும்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதம். விடாத மழை. மாலைத் திருப்பலி முடிந்து நாம் அறைவீட்டுக்குத் திரும்பியபோது, மேசைமீது செய்தித்தாளில் பொதிந்த புத்தகம் ஒன்று இருந்தது. "கோட்டூர்புரத்திலிருந்து ஓர் அம்மா வந்தார்கள். ஃபாதரின் பழைய பங்கைச் சேர்ந்தவர்களாம். படித்து முடித்ததும் சொல்லியனுப்பச் சொன்னார்கள்" என்றார் கோவில் பணியாளர்.

பிரித்துப் பார்த்தோம். அது ஓர் ஆங்கிலக் காதல் நாவல். முதல் பக்கத்தில் மயிலாப்பூரில் இருந்து பின்பு மூடப்பட்டுவிட்ட வாடகை நூல்நிலையம் ஒன்றின் முத்திரை. கடைசிப் பக்கத்தில் திருப்பித் தர வேண்டிய தேதிகளின் நீண்ட வரிசை. குருவானவரின் மேசைக்கு வந்து சேருபவை பெரும்பாலும் நவநாள் புத்தகங்கள், விழா மலர்கள், கல்யாணப் பத்திரிகைகள். பூந்தமல்லி குருமடத்தில் நாம் பயின்ற தொண்ணூறுகளில் இத்தகைய நூலொன்றைக் கையில் வைத்திருந்தால் தோழர்களின் கேலிக்கே நாட்கள் போதாமற்போயிருக்கும். ஆகவே சற்றே கூச்சத்தோடு ஓரமாக வைக்க எண்ணினோம். அப்போதுதான் உள்ளே இருந்த துண்டுத் தாள் கண்ணில் பட்டது. "ஃபாதர், 2003-இல் நீங்கள் எங்களுக்குச் செய்துவைத்தது திருமணமா, ஒப்பந்தமா? இதைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்."

அன்றிரவு உறக்கம் வரவில்லை. நாவலைப் படிக்கத் தொடங்கினோம்.

ஜார்ஜெட் ஹேயர் என்னும் ஆங்கிலேயப் பெண் எழுத்தாளர் (1902-1974) 1961-இல் வெளியிட்ட அந்த நாவலின் பெயர் 'எ சிவில் கான்ட்ராக்ட்'. நெப்போலியப் போர்க்காலத்துக் கதை. ஆடம் டெவரில் என்னும் படைத்தலைவன் போரில் காயமுற்றுக் காலைச் சாய்த்து நடப்பவன். தந்தை திடீரென இறந்துவிட, படையை விட்டு ஊர் திரும்புகிறான். அவனுக்குக் கிடைப்பவை ஒரு பிரபுப் பட்டமும், கடனில் மூழ்கிய பரம்பரைச் சொத்தும். அவன் உள்ளத்தில் இருப்பவள் ஜூலியா என்னும் அழகி. ஆனால் தாயையும் தங்கையரையும் காப்பாற்ற வேண்டிய கடமை அவன் தலைமேல் விழுகிறது. அந்த வேளையில், ஜொனாதன் சாலி என்னும் பெரும் வணிகர் தம் ஒரே மகள் ஜென்னிக்குப் பிரபுப் பட்டம் உடைய மணமகனைத் தேடுகிறார். பணம் உள்ளவருக்குப் பட்டம் வேண்டும். பட்டம் உள்ளவனுக்குப் பணம் வேண்டும். திருமணம் நடந்துவிடுகிறது.

ஜென்னி அழகியல்லள். பருத்த உடலும், காரியத்தில் தெளிவும் உடைய எளிய பெண். ஜூலியாவின் பள்ளித் தோழியும் அவளே. தன் கணவன் மனத்தில் வேறொருத்தி இருக்கிறாள் என்பதை அறிந்தே மணக்கிறாள். அன்பைக் கேட்டு அவள் ஒருநாளும் கையேந்துவதில்லை. அவனுக்கு எது பிடிக்கும், எது அவனை வருத்தும் என்று கவனித்துக்கொண்டே இருக்கிறாள். மாமனாரோ மருமகனின் வீட்டை விலையுயர்ந்த பொருள்களால் நிரப்பி, அவனை நாணச் செய்கிறார். தியாகராய நகர் உஸ்மான் சாலையில் மகளுக்குச் சீர் வாங்க அலையும் தந்தையரைக் கண்ட நமக்கு, அந்தச் சாலியை அடையாளம் காண்பது கடினமாய் இல்லை.

1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூப் போர். தோல்வி என்று லண்டனில் வதந்தி பரவுகிறது. அரசுக் கடன்பத்திரங்களை உடனே விற்றுவிடும்படி மாமனார் எச்சரிக்கிறார். ஆடமோ தன் பழைய தளபதி வெலிங்டனையும் தன் தோழர்களையும் நம்பி, துணிந்து மேலும் வாங்குகிறான். வெற்றிச் செய்தி வருகிறது. கடன் தீருமளவுக்குச் செல்வம் சேருகிறது. கதை இங்கே முடிந்திருந்தால் அது வெறும் அதிர்ஷ்டக் கதை. ஆனால் அதற்குப் பிறகே நாவலின் உண்மையான கேள்வி எழுகிறது. பணத்துக்காக மணந்தவனுக்கு இப்போது பணம் தேவையில்லை. அப்படியானால், இந்தப் பெண் அவனுக்கு யார்?

நான்காம் இரவு இந்த இடத்துக்கு வந்தபோதுதான், நமக்கு அந்தத் துண்டுத் தாளின் பொருள் விளங்கிற்று.

வாசக அன்பர்களே, இனி நாம் எழுதப்போவது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன்று. அந்த அம்மையாரும் அவர் கணவரும் மனமுவந்து இசைவு தந்ததால் எழுதுகிறோம். அவர்களை இனங்காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியுமுள்ளோம்.

2003-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதக் கடைசி வாரம். அவ்வாண்டு திருநீற்றுப் புதன் மார்ச் 5. தவக்காலம் தொடங்கிவிட்டால் திருமணம் வைக்க முடியாது. மணமகன் தரைப்படையில் மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த சிப்பாய். விடுப்பு முடிய இருபது நாள்களுக்கும் குறைவாகவே இருந்தது. தந்தை இல்லை, தாய் சர்க்கரை நோயால் பார்வை மங்கியவர். அவருக்கு உடனிருந்து பார்க்க ஆள் வேண்டும். மணமகளின் தந்தை தியாகராய நகர் ஜவுளிக்கடை ஒன்றில் விற்பனையாளர். மூன்று பெண்கள், மூத்த மகளின் திருமணத்துக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது. இரண்டாம் மகள் பட்டப்படிப்பை முடித்து, மேலே படிக்க விரும்பியிருந்தாள். சீர்வரிசை எதுவும் கேளாத மாப்பிள்ளை, அரசாங்கச் சம்பளம், ஓய்வூதியம் என்றதும் தந்தை உடன்பட்டுவிட்டார்.

மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க நேரமில்லை. விதிவிலக்கு கேட்டு எழுதி, பெற்றோம். மணமக்கள் விசாரணையை ஒரு மாலையில் முடித்தோம். அன்று நமக்கு வயது முப்பத்து மூன்று. குருத்துவத் திருநிலைப்பாடு பெற்று ஆறாண்டுகள். பங்குத் திருவிழாக் கணக்கு ஒருபுறம், கல்லறைத் தோட்டச் சுவர்ப் பிரச்சினை மறுபுறம். படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேள்விகளை வாசித்தோம். யாருடைய வற்புறுத்தலும் இன்றி, சுதந்திர மனத்தோடு இந்தத் திருமணத்துக்குச் சம்மதிக்கிறீர்களா என்ற கேள்வியும் அவற்றுள் ஒன்று. அந்தப் பெண் "ஆம்" என்றாள். "ஆம்" என்று எழுதினோம். கையொப்பம் வாங்கினோம். அறைவாசலுக்கு வெளியே அவள் தந்தை குடையோடு நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த வாரம் தாலி மந்திரித்து, திருமணத்தை நிறைவேற்றி வைத்தோம். திருமணச் சான்றிதழைத் தட்டச்சு செய்து கொடுத்தோம். அதைக்கொண்டுதான் படைப்பிரிவின் ஆவணங்களில் மனைவியின் பெயர் ஏறும். பெயர் ஏறினால்தான் மருத்துவ வசதி, குடும்ப ஓய்வூதியம் எல்லாம். மணமகன் ஒன்பதாம் நாள் ரயிலேறிவிட்டான்.

படைவீரரின் இல்லறம் எப்படிப்பட்டது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு. 30 நாள் தற்செயல் விடுப்பு. எல்லைப்புற முகாம்களுக்குக் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது. அமைதிப் பகுதிகளில் குடும்பக் குடியிருப்பு கிடைக்கலாம். ஆனால் வரிசையில் காத்திருக்க வேண்டும். இந்தப் பெண்ணுக்கோ அதுவும் இயலவில்லை. பார்வை மங்கிய மாமியாரை விட்டு நகர வழியில்லை. அருகிலிருந்த பள்ளியொன்றில் ஆசிரியையாகச் சேர்ந்தார். சம்பளத்தில் ஒரு பகுதி தந்தையின் கடனுக்குச் சென்றது. ஒரு மகன் பிறந்தான். அவன் தந்தையின் முகத்தை முதலில் அறிந்தது சுவரில் மாட்டியிருந்த சீருடைப் படத்தில்தான்.

2015 டிசம்பர் முதல் நாள் இரவு அடையாறு பெருக்கெடுத்துக் கோட்டூர்புரத்துக்குள் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். மாமியாரை முதுகில் சுமந்துகொண்டு, மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, மேல் மாடிக்காரர் வீட்டில் இரண்டு இரவுகளைக் கழித்தாராம் அந்த அம்மையார். தொலைபேசிகள் செத்துக் கிடந்தன. வடக்கே பனிமலையில் இருந்த கணவருக்கு நான்காம் நாள்தான் செய்தி எட்டியது. "அம்மா எப்படி இருக்காங்க?" என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி. "இரண்டாவது கேள்வி என்ன கேட்பார் என்று காத்திருந்தேன், ஃபாதர். அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது" என்று பின்னாளில் நம்மிடம் சொன்னார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை.

நமது தமிழுக்குப் படைவீரனின் மனைவி புதியவள் அல்லள். முல்லைத் திணையின் உரிப்பொருளே, சென்றவன் வருமளவும் ஆற்றியிருத்தல். பத்துப்பாட்டில் மிகச் சிறியது நப்பூதனாரின் முல்லைப்பாட்டு, 103 அடிகள். அரசன் பாசறையில் உறக்கமின்றி இருக்கிறான். அரசி அரண்மனையில் காத்திருக்கிறாள். முதுபெண்டிர் விரிச்சி கேட்டு வந்து, தலைவன் வருவான் என்று தேற்றுகின்றனர். இறுதியில் வெற்றிக் கொம்புகளின் ஒலியும் குதிரைகள் பூட்டிய தேரின் வருகையும் அவள் செவிகளை நிறைக்கின்றன. பாட்டு அங்கே முடிந்துவிடுகிறது. தேரிலிருந்து இறங்கியவன் மறுநாள் காலை அந்த வீட்டில் என்ன செய்தான், இத்தனை நாள் தனித்து முடிவெடுக்கப் பழகியவள் அவனோடு எப்படி வாழ்ந்தாள் என்பதைப் புலவர் பாடவில்லை. அது அவர் எடுத்துக்கொண்ட பொருளும் அன்று.

நம் அம்மையாரின் கதையில் கடினமான பகுதி அங்கேதான் தொடங்குகிறது. 2018-இல் மாமியார் இறந்தார். அதற்குள் தந்தையின் கடன் அடைந்திருந்தது. தங்கையும் மணமாகிச் சென்றிருந்தாள். 2020 தொடக்கத்தில் கணவர் 24 ஆண்டுப் பணியை முடித்து, ஹவில்தாராக ஓய்வு பெற்று வீடு வந்தார். சில வாரங்களில் பெருந்தொற்று, ஊரடங்கு. பதினேழு ஆண்டுகளில் சேர்ந்தாற்போல் அறுபது நாள்களுக்குமேல் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தறியாத இருவர், அந்தச் சிறு வீட்டுக்குள் மாதக்கணக்கில் இருந்தனர். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. அவர் அதிகாலை நான்கரைக்கு எழுந்து, படுக்கையை மூலை பிசகாமல் மடித்துவைப்பார். உணவு நன்றாக இருந்தது என்பார். விருந்தினர் இல்லத்தில் தங்கியவர்போல் எதையும் இடம் மாற்றாமல் வாழ்ந்தார்.

ஊரடங்கு நீங்கிய பின்பும் அந்த மௌனம் நீங்கவில்லை. அப்போதுதான் மூடப்படவிருந்த நூல்நிலையத்தின் விற்பனையில் பத்து ரூபாய்க்கு இந்த நாவலை வாங்கினார் அம்மையார். வாட்டர்லூவுக்குப் பிந்திய ஆடமைப் படித்தபோது அவர் உள்ளம் அதிர்ந்தது. தாய்க்காகத் தம்மை மணந்தவருக்கு இப்போது தாய் இல்லை. தந்தைக்காக அவரை மணந்த தமக்கு இப்போது கடன் இல்லை. வசதி தீர்ந்துவிட்டது. எஞ்சியிருப்பது எது?

நாம் சொல்லியனுப்பினோம். ஒரு சனிக்கிழமை பிற்பகல் வந்தார். நரை தெரிந்த கூந்தல், அமைதியான முகம். நாம் தயங்கித் தயங்கித்தான் பேச்சைத் தொடங்கினோம்.

"அன்று விசாரணையில் 'ஆம்' என்று சொன்னீர்களே, அம்மா. அது பொய்யா?"

"பொய் இல்லை, ஃபாதர். ஆனால் அந்த 'ஆம்' அவருக்குச் சொன்னது இல்லை. வெளியே நின்றிருந்த அப்பாவுக்குச் சொன்னது. நீங்கள் படிவத்தைப் பார்த்தபடியே கேட்டீர்கள். நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்."

இருபது ஆண்டுகளில் எத்தனையோ மறையுரைகள் ஆற்றியிருக்கிறோம். மணமக்கள் தயாரிப்பு வகுப்புகள் நடத்தியிருக்கிறோம். அந்த ஒரு சொற்றொடருக்கு மறுமொழி நம்மிடம் இல்லை. "மன்னித்துவிடுங்கள், அம்மா" என்றோம். அவர் தலையசைத்தார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அதுவே நேர்மை என்று நமக்குத் தோன்றிற்று.

பிறகு கடமையின்படி, உயர்மறைமாவட்டத்தின் திருமண நடுவர் மன்றம் இருப்பதைச் சொன்னோம். உண்மையில் சம்மதத்தில் குறை இருந்ததா என்பதை ஆராய்ந்து தீர்ப்புரைக்க அதற்கே அதிகாரம் உண்டு, நமக்கு இல்லை. "வழக்கு வேண்டாம், ஃபாதர். பதில்தான் வேண்டும்" என்றார்.

நமக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்ல முயன்றோம். இறையியல் படித்தவர்க்கு மட்டுமன்றி மணமான ஒவ்வொருவருக்கும் அது உரியதாகையால் இங்கே எழுதுகிறோம்.

1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, திருமணச் சம்மதத்தை உடல்மீதான உரிமையை ஒருவர் மற்றவர்க்கு அளிப்பதும் ஏற்பதுமாக வரையறுத்தது. ஒப்பந்தத்தின் சாயல் அதில் மிகுதி. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, திருமணத்தை அன்பின் உறவாகவும் உடன்படிக்கையாகவும் எடுத்துரைத்தது. அதன் வழியிலேயே 1983-ஆம் ஆண்டின் புதிய சட்டத் தொகுப்பு, ஆணும் பெண்ணும் தங்கள் முழு வாழ்வையும் பகிர்ந்துகொள்ளும் உடன்படிக்கை என்றது. அவர்கள் ஒருவர்க்கொருவர் கொடுப்பதும் பெறுவதும் தங்களையே என்றது. ஒப்பந்தம் என்ற சொல்லை அது முற்றிலும் கைவிடவில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் நாம் பொருளையோ உழைப்பையோ உரிமையையோ கொடுக்கிறோம். கொடுத்தது தீர்ந்தால் ஒப்பந்தமும் தீரும். உடன்படிக்கையில் ஆளையே கொடுக்கிறோம். ஆள் தீர்வதில்லை.

அப்படியானால் தேவைக்காக மணப்பது தவறா? அன்று. எந்த நோக்கத்தோடு மணந்தோம் என்பது ஒன்று. மணத்துக்குச் சம்மதித்தோமா என்பது வேறொன்று. தாய்க்குத் துணை வேண்டும், தந்தையின் சுமை குறைய வேண்டும் என்ற நோக்கங்கள் திருமணத்தைச் செல்லாததாக்குவதில்லை. நம் பாட்டன்மாரில் பெரும்பாலோர் அப்படித்தான் மணந்தனர். வாயால் சொன்ன சம்மதம் உள்ளத்திலும் இருந்தது என்றே சட்டம் முதலில் கொள்ளுகிறது. ஐயம் எழும்போது திருமணத்தின் பக்கமே நிற்கிறது. எதிர்மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை உங்கள் திருமணம் திருமணமே என்றோம்.

அவர் முகத்தில் நிறைவு தெரியவில்லை. சட்டப்படி சரியான பதில் எப்போதும் உள்ளத்தைத் தொடுவதில்லை என்பதை நாம் அறிவோம்.

அப்போது தொடக்க நூலின் 24-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. அந்நூலின் மிக நீண்ட அதிகாரம் அதுவே. முழுவதும் ஒரு பெண் பார்க்கும் படலம். ஆபிரகாமின் பணியாளர் தொலைநாடு சென்று, கிணற்றடியில் ரெபேக்காவைக் காண்கிறார். பொன் அணிகள் கைமாறுகின்றன. தந்தையும் தமையனும் ஒத்துக்கொள்கிறார்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணும்போது, வீட்டார் அந்தப் பெண்ணை அழைத்து, இந்த மனிதரோடு போகிறாயா என்று அவளையே கேட்கிறார்கள். போகிறேன் என்கிறாள். பயணம் முடிகிறது. ஈசாக்கு அவளைத் தன் தாயின் கூடாரத்துக்கு அழைத்துச் செல்கிறான், மனைவியாக ஏற்கிறான், அதன் பின்பே, அவள்மீது அன்பு கொண்டான் என்று விவிலியம் கூறுகிறது. தாயை இழந்த துயரத்தில் ஆறுதல் பெற்றான் என்றும் சேர்த்துச் சொல்கிறது.

இந்த வரிசையைப் பலமுறை மறையுரையில் விளக்கியிருக்கிறோம். முதலில் திருமணம், பின்பு அன்பு. ஆகவே பெற்றோர் பார்த்துச் செய்யும் திருமணமே நன்று என்று முடித்ததும் உண்டு. ஆனால் ரெபேக்காவைக் கேட்ட அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விட்டோம். 2003-இலும் அதையேதான் செய்தோம். அன்பு பின்னால் வரலாம். கேள்வி பின்னால் வரக்கூடாது. ஜென்னியும் ஆடமும் அன்பின்றி மணந்தாலும், ஒருவரையொருவர் ஏமாற்றி மணக்கவில்லை. கணவன் மனம் எங்கே இருக்கிறது என்பதை அவள் அறிந்திருந்தாள். அந்த உண்மையே பிற்பாடு அன்பு வேர்விட நிலமாயிற்று என்று நமக்குத் தோன்றுகிறது.

அந்த அம்மையாரிடம் இன்னொன்றையும் சொன்னோம். குருமட வகுப்பில் தேர்வுக்காக மட்டுமே படித்த சட்டம் அது, 1159-ஆம் எண். சம்மதக் குறையால் செல்லாமற்போன திருமணம் ஒன்று இருக்கிறதென்று கொள்வோம். அந்தக் குறையை மெய்ப்பிக்க வழியில்லை. அப்போது, அன்று சம்மதியாதவர் இன்று சம்மதித்தால், மற்றவரின் சம்மதம் நிலைத்திருக்குமானால், அந்தத் திருமணம் செல்லுபடியாகிவிடும். அதற்குப் பீடம் வேண்டாம், குரு வேண்டாம், சாட்சிகள் வேண்டாம். தனிமையில், மறைவாகச் சம்மதித்தாலே போதும்.

"உங்கள் திருமணம் செல்லாதது என்று நாம் சொல்லவில்லை, அம்மா. ஆனால் அன்று அப்பாவுக்குச் சொன்னதை இன்று அவருக்குச் சொல்ல நீங்கள் விரும்பினால், அதற்குத் திருச்சபை எந்தத் தடையும் வைக்கவில்லை. அடுப்படியில் நின்றுகொண்டும் சொல்லலாம்."

அவர் நெடுநேரம் பேசவில்லை. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. பிறகு, "யாருக்கும் தெரியாமல் மனத்துக்குள் சொன்னால் போதுமா, ஃபாதர்?" என்று கேட்டார்.

"சட்டத்துக்கு அது போதும்."

முதன்முறையாகச் சிரித்தார். "அவருக்காவது தெரிய வேண்டாமா, ஃபாதர்?"

அவர் விடைபெற்றபோது புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அதன் பின்பு இரண்டு மாதங்கள் செய்தி ஏதும் இல்லை. நாமும் விசாரிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் திருப்பலியில் அவ்விருவரையும் நினைத்து மன்றாடினோம் என்பது மட்டும் உண்மை.

கிறிஸ்து பிறப்பு விழா முடிந்த வாரத்தில் ஒரு காலை, நிமிர்ந்த நடையும் ஒட்ட வெட்டிய முடியும் கொண்ட ஒருவர் அறைவீட்டு வாசலில் வந்து நின்றார். நாம் அடையாளம் காண்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்: "2003 பிப்ரவரி, ஃபாதர். ஹவில்தார்." உட்காரச் சொன்னோம். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"வீட்டில் ராத்திரி ஒரு கதை படித்துச் சொல்றாங்க, ஃபாதர். இங்கிலீஷில் பார்த்து, தமிழில் சொல்வாங்க. ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம். அதில் வர்ற ஆடம் பாவம், ஃபாதர். படையை விட்டு வந்தவனுக்குச் சொந்த வீட்டில் எங்கே உட்கார்றதுன்னே தெரியலை."

வெலிங்டன் என்னும் பெயர் கதையில் வந்ததும் அவர் வியந்துபோனாராம். நீலகிரியில் அவர் படைப்பயிற்சி பெற்ற வெலிங்டன் ஊர் அந்தத் தளபதியின் பெயரைத் தாங்கியதே. 1799-இல் சீரங்கப்பட்டினப் போரில் பங்கேற்றவரும் அவரே என்று நாமும் சொன்னோம். இப்படிச் சற்று நேரம் போர்களைப் பற்றியே பேசினோம். அவர் சொல்ல வந்தது அதுவன்று என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

எழுந்து நின்ற பின்புதான் சொன்னார். "அவங்க என்னிடம் ஒன்று கேட்டாங்க, ஃபாதர். பதில் சொல்ல ஒரு நாள் எடுத்துக்கிட்டேன். வெள்ளத்தப்போ நான் முதல்ல அவங்களைப் பற்றிக் கேட்கலைங்கிறது இத்தனை வருஷமா எனக்குத் தெரியாது." குரல் தழுதழுத்தது. அவர் மனைவி கேட்டது என்ன, அவர் சொன்ன பதில் என்ன என்று நாம் கேட்கவில்லை. அது அவ்விருவருக்கும் உரியது. நமது திருமணப் பதிவேட்டில் அதற்கென்று கட்டம் ஏதும் இல்லை.

அவர் போன பின்பு பழைய பங்கின் பதிவேட்டை மனக்கண்ணில் புரட்டினோம். ஒவ்வொரு வரியிலும் இரண்டு பெயர்கள், இரண்டு சாட்சிகள், நமது கையொப்பம். அவற்றுள் எத்தனை 'ஆம்' வாசலுக்கு வெளியே நின்றவர்களுக்குச் சொல்லப்பட்டதோ, இறைவன் ஒருவருக்கே தெரியும்.

அன்று முதல் ஒரு வழக்கத்தை மேற்கொண்டுள்ளோம். மணமக்கள் விசாரணையில் அந்தக் கேள்வி வரும்போது படிவத்தை மூடிவைக்கிறோம். பெற்றோரையும் மற்றவர்களையும் கோவிலுக்குள் சென்று செபிக்கச் சொல்லுகிறோம். மணமகளையும் மணமகனையும் தனித்தனியே அமரச் செய்து, முகம் பார்த்துக் கேட்கிறோம். சிலர் உடனே சொல்லுகிறார்கள். சிலர் அழுகிறார்கள். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று என்று பெற்றோர் நம்மீது சினந்ததும் உண்டு.

பெற்றோரான வாசகர்களிடம் ஒன்று வேண்டுகிறோம். பிள்ளைகளுக்கு வரன் தேடுவது உங்கள் உரிமை மட்டுமன்று, அன்பின் உழைப்பும் ஆகும். அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஓலை வாசிக்கக் கொடுப்பதற்குமுன், ரெபேக்காவின் வீட்டார் கேட்டதை நீங்களும் ஒருமுறை கேளுங்கள். கேட்டுவிட்டுக் குடையோடு வாசலில் நிற்காதீர்கள். சற்றுத் தொலைவு தள்ளிப் போய்விடுங்கள்.

மணமாகிப் பல்லாண்டு ஆனவர்களுக்கும் ஒரு சொல். பிள்ளைகள் வளர்ந்து சென்ற பின்பு, கடன்கள் அடைந்த பின்பு, பணி ஓய்வு பெற்ற பின்பு, எதிரெதிரே அமர்ந்திருக்கும் அந்த மாலைப்பொழுதில், அன்று ஊரறியச் சொன்னதை இன்று ஒருவர்க்கொருவர் மெல்லச் சொல்லிப் பாருங்கள். அதற்கு விதிவிலக்குக் கேட்டு யாருக்கும் எழுத வேண்டியதில்லை.